இரண்டாவது முறை நடிக்கும்போதுதான்

கேள்வி: வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் 12 பேர். எல்லாருமே நன்றாகப் பேசுவார்கள், மொழித்திறன் அளவில் சி1 என்ற மேல்நிலை என்று சொல்லலாம். வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். கட்டுரை படித்து விவாதிப்பது அலுத்துப்போனதால் ரோல் பிளே வைத்துப் பார்த்தேன். ஒருவர் ஹோட்டல் வரவேற்பாளர், இன்னொருவர் அறை சரியில்லை என்று புகார் சொல்ல வந்தவர். இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார்கள். வயதில் மூத்த ஒருவர், "நாங்கள் என்ன குழந்தைகளா?" என்று கேட்டேவிட்டார். எப்போதும் பேசும் இருவர்தான் அன்றும் பேசினார்கள். தவறுகளை நடுவில் திருத்தினால் பேச்சு அறுந்துபோகிறது. திருத்தாமல் விட்டால் பாடம் நடந்த மாதிரியே இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ரோல் பிளே தேவைதானா, விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோல் பிளேயை விட்டுவிட வேண்டாம். அந்த ஹோட்டல் காட்சியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்தக் காட்சியில் உங்கள் மாணவர்கள் என்ன செய்ய வேண்டியிருந்தது? அறையில் ஏதோ வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்டு வேறு அறை தருவதாக இன்னொருவர் சொல்ல வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு எப்போதோ கைவந்த பேச்சு. இரண்டு நிமிடத்தில் முடித்தது சோம்பலால் அல்ல. அதற்குமேல் பேச அங்கே எதுவும் இல்லை. வரவேற்பாளர் முடியாது என்று சொல்ல ஒரு காரணம் இல்லை, வந்தவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேரிடம் இப்படி ஒரு காட்சியைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் வரையறையில் சி1 நிலையைப் பற்றிச் சொல்லும்போது, சொல்லுக்காகத் தேடித் தடுமாறாமல் பேசுவதோடு, சமூகத்திலும் படிப்பிலும் தொழிலிலும் மொழியை இடத்துக்கேற்ப வளைத்துப் பயன்படுத்துவதையும் சேர்த்தே சொல்கிறார்கள். உங்கள் மாணவர்களிடம் முதல் பாதி இருக்கிறது. இரண்டாம் பாதியில்தான் வேலை மிச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். உறவு கெடாமல் மறுப்பது, ஒருவர் வேலையில் உள்ள குறையை அவரிடமே சொல்வது, மேலதிகாரி பேசும்போது குறுக்கிடுவது, எடுத்த நிலையிலிருந்து முகம் கெடாமல் பின்வாங்குவது எல்லாம் இதில் வரும். கட்டுரையை வைத்து விவாதிக்கும்போது இவை வருவதே இல்லை. விவாதத்தில் கருத்து மட்டும்தான் மோதும், எதிரே இருப்பவரோடு நமக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்காது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். இதை உங்கள் மாணவர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஜென்னி தாமஸ் என்ற மொழியியலாளர் 1983-ல் ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார். இலக்கணம் தவறினால், கேட்பவர் 'இவருக்கு இன்னும் மொழி வரவில்லை' என்று புரிந்துகொண்டு விட்டுக்கொடுப்பார். இலக்கணம் சுத்தமாக இருந்து, சொன்ன விதம் மட்டும் இடத்துக்குப் பொருந்தாமல் போனால், குறை மொழியில் இருப்பதாக அவருக்குத் தோன்றாது. 'இந்த ஆள் மரியாதை தெரியாதவர்' என்றே நினைப்பார். அதாவது ஒருவர் எவ்வளவு சரளமாகப் பேசுகிறாரோ, அவ்வளவுக்கு அவருடைய தவறு அவருடைய குணமாகத் தெரியும். உங்கள் 12 பேரும் இந்த ஆபத்தான இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தமிழ் பேசுபவர்களுக்கு இதில் தனியாக ஒரு தடங்கலும் உண்டு. நம் மொழியில் மரியாதை பெரும்பாலும் 'நீங்கள்' என்ற சொல்லிலும் வினைமுற்றின் கடைசியிலும் இருக்கிறது. 'கொஞ்சம் அனுப்புங்க' என்றால் போதும், பணிவு வந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. அதனால் பணிவு வாக்கியம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. இப்போது கேட்கிற விஷயத்தை இறந்தகாலத்தில் சொல்வது, 'வுட்', 'மைட்' போன்ற துணைவினைகள், எதிர்மறையில் தொடங்கும் கேள்வி, 'எ பிட்', 'ஜஸ்ட்' மாதிரியான சின்னச் சொற்கள் என்று பல இடங்களில் அது ஒளிந்திருக்கும். 'பிளீஸ் செண்ட் தி ஃபைல்' என்று எழுதுபவர் தான் பணிவாகத்தான் கேட்டோம் என்று நம்புகிறார். படிப்பவருக்கு அது கட்டளையாகத் தெரியலாம். 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் செண்ட்' என்பதில் 'வாஸ்' என்ன வேலை செய்கிறது என்று உங்கள் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கும் இலக்கணம் தெரியும், ஆனால் இறந்தகாலம் அங்கே ஏன் வந்தது என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

சரி, எப்படிப்பட்ட காட்சி வேண்டும்? எல்லாம், நடிப்பவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும் சீட்டில் நீங்கள் எழுதுவதைப் பொறுத்தது. 'நீங்கள் வாடிக்கையாளர், புகார் சொல்லுங்கள்' என்பது நல்ல சீட்டு இல்லை. நல்ல சீட்டில், அவருக்கு என்ன வேண்டும் என்பதும், எதிரே இருப்பவருக்குத் தெரியாத ஏதோ ஒன்றும், வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்றும் இருக்கும். ராபர்ட் டி பியட்ரோ என்ற பேராசிரியர் 1980களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். இரண்டு தரப்புக்கும் வேறு வேறு தகவல் கொடுப்பார். ஒவ்வொரு தரப்பும் குழுவாக உட்கார்ந்து திட்டமிடும். பிறகு பேசுவார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து அலசுவார்கள். முதல் சீட்டில் இருப்பது இரண்டாவது ஆளுக்குத் தெரியாது என்பதுதான் இதன் உயிர்.

நான் பயன்படுத்தும் ஒரு ஜோடிச் சீட்டை அப்படியே தருகிறேன்.

முதல் சீட்டு: "நீங்களும் உங்களோடு வேலை செய்பவரும் சேர்ந்து தயாரித்த அறிக்கை நேற்று வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. அதில் ஒரு எண் தவறு என்று இன்று காலை பார்த்தீர்கள். அது அவர் எழுதிய பகுதி. இன்று மாலைக்குள் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அந்தப் பகுதியைச் சரிபார்க்க வேண்டியவர் நீங்கள். அவசரத்தில் படிக்காமலே அனுப்பிவிட்டீர்கள். அது அவருக்குத் தெரியாது."

இரண்டாவது சீட்டு: "உங்களோடு வேலை செய்பவர் ஏதோ பேச வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். நேற்று அனுப்பிய அறிக்கையில் ஒரு எண் தவறு என்பது நேற்று இரவே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. திங்கள்கிழமை உங்கள் பதவி உயர்வு பற்றிய கூட்டம் இருக்கிறது. அது முடிந்தபிறகு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். பதவி உயர்வு விஷயம் இன்னும் யாருக்கும் தெரியக்கூடாது."

இரண்டு பேரில் யாரும் கெட்டவர் இல்லை, இரண்டு பேரும் ஒன்றை மறைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இது இரண்டு நிமிடத்தில் முடியாது. குற்றம் சாட்டாமல் தவறைச் சொல்ல வேண்டும், நேரம் கேட்க வேண்டும், ஏன் நேரம் வேண்டும் என்பதைச் சொல்லாமல் சமாளிக்க வேண்டும். பேச்சு பாதியில் இருக்கும்போது ஒரு மூன்றாவது சீட்டை நீட்டுங்கள்: "வாடிக்கையாளர் இப்போதுதான் போன் செய்தார். அந்த எண்ணை நம்பி நாளை காலை ஒரு முடிவு எடுக்கப்போகிறாராம்." அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள்.

தொடங்கும் முன் சீட்டைப் படித்து யோசிக்க நேரம் கொடுங்கள், ஏழெட்டு நிமிடமாவது. பாலின் ஃபாஸ்டர், பீட்டர் ஸ்கீஹன் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், பேசும் முன் பத்து நிமிடம் திட்டமிட்டவர்களின் பேச்சு சரளமாகவும் வாக்கியங்கள் செறிவாகவும் இருந்தன. ஆனால் வசனம் எழுத விடாதீர்கள். எழுதினால் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். 'எங்கே தொடங்குவேன், எதை விட்டுக்கொடுப்பேன், எதைக் கடைசிவரை சொல்ல மாட்டேன்' என்று மூன்று குறிப்பு போதும்.

அப்புறம் நடிப்பு. ஒரு ஜோடியை முன்னால் நிற்கவைத்து மற்றவர்களைப் பார்க்கச் சொல்லாதீர்கள். பெரியவர்களுக்குக் கூச்சம் வருவது பெரும்பாலும் இதனால்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசட்டும். வகுப்பு சத்தமாக இருக்கும், இருக்கட்டும். மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தால், 12 பேருக்கு நான்கு குழு வரும். இரண்டு பேர் பேசுவார்கள், மூன்றாமவர் கவனிப்பார். சும்மா கவனி என்றால் கவனிக்க மாட்டார், அதனால் அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். "முதல்முறை 'இல்லை' என்ற பொருள் எப்போது வந்தது, எந்தச் சொற்களில் வந்தது என்று அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். எப்போதும் பேசும் அந்த இருவரை முதல் சுற்றில் இந்த இடத்தில் உட்காரவையுங்கள். கேட்டு எழுதுவதில் அவர்கள் கற்றுக்கொள்வது நிறைய இருக்கும். பேசாதவர்களுக்கு, எதிராளிக்கு அவசியம் தேவைப்படும் தகவல் உள்ள சீட்டைக் கொடுங்கள். அவர்களிடம் கேட்காமல் கதை நகராது என்றால் எதிரே இருப்பவர் அவர்களைப் பேசவைத்துவிடுவார்.

திருத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடுவில் திருத்த வேண்டாம். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் திருத்திக்கொண்டிருந்தேன், மெதுவாக, பேச்சைக் கெடுக்காத மாதிரி, சரியான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். மாணவர்கள் தலையாட்டுவார்கள், அடுத்த வாக்கியத்தில் அதே தவறு வரும். ராய் லிஸ்டர், லைலா ரான்டா இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து 1997-ல் எழுதியதைப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. ஆசிரியர்கள் திருத்தியதில் பாதிக்குமேல் இப்படித் திருப்பிச் சொல்லும் வகைதான். மாணவர்கள் எடுத்துக்கொண்டு பதில் சொன்னது அந்த வகைக்குத்தான் மிகக் குறைவு. அது பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பு. ஆனாலும் பேச்சில் மூழ்கிய பெரியவர்களிடமும் இதையேதான் பார்த்திருக்கிறேன். நாம் திருத்தினோம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை, ஏதோ ஆமோதிக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அதனால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு குழுக்களுக்கு இடையே நடங்கள். விட்டுப்போன 'தி', 'ஏ' எல்லாவற்றையும் எழுத வேண்டாம். பேச்சு திரும்பிய இடங்களை எழுதுங்கள். எந்த வாக்கியம் எதிராளியை மௌனமாக்கியது, எது கோபப்படுத்தியது, எங்கே ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் எளிதான வேறொன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்தார் என்று பார்த்து எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். மேல்நிலை மாணவர்கள் தடுமாற மாட்டார்கள், தப்பித்துக்கொள்வார்கள். தெரியாத வடிவத்தைத் தொடாமல் தெரிந்ததை வைத்தே காலம் தள்ளும் திறமை அவர்களுக்கு உண்டு. வளர்ச்சி நின்றுபோவதும் அதனால்தான்.

முதல் சுற்று முடிந்ததும் நிறுத்தி, பெயர் சொல்லாமல் நான்கைந்து வாக்கியங்களைப் பலகையில் எழுதுங்கள். ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மேலே சொன்ன அறிக்கைக் காட்சிதான். ஒருவர் எடுத்த எடுப்பில் 'யூ மேட் எ மிஸ்டேக் இன் செக்‌ஷன் த்ரீ' என்று தொடங்கினார். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. எதிரே இருந்தவர் உடனே இறுகிப்போனார். நடிப்புதான், ஆனாலும் முகம் நிஜமாகவே மாறியது. அதன்பிறகு வந்த ஐந்து நிமிடமும் யார் தவறு என்ற சண்டையிலேயே போயிற்று. வாடிக்கையாளரை இரண்டு பேரும் மறந்தே போனார்கள். அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி, "இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்?" என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிடம் வகுப்பே பேசியது. 'யூ' வேண்டாம், 'வீ' போடலாம் என்றார் ஒருவர். 'மேட்' என்று உறுதியாகச் சொல்லாமல் 'மே ஹேவ்' என்று தளர்த்தலாம் என்றார் இன்னொருவர். 'மிஸ்டேக்' என்ற சொல்லே வராமல் 'சம்திங்' என்று விடலாம் என்று மூன்றாமவர் சொன்னார். கடைசியில் பலகையில் நின்றது, 'ஐ திங்க் வீ மே ஹேவ் மிஸ்ட் சம்திங் இன் செக்‌ஷன் த்ரீ.' அதை நான் கொடுத்திருந்தால் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள். அந்த இறுகிய முகத்தைப் பார்த்தபிறகு தாங்களே கட்டிய வாக்கியம் அது.

மறுப்பையும் இப்படி அலசலாம். உரையாடல் ஆய்வாளர்கள் உண்மையான பேச்சுப் பதிவுகளைக் கேட்டுக் கண்டுபிடித்த ஒன்று உண்டு. அனீட்டா பொமரான்ட்ஸ் 1984-ல் இதை விரிவாக எழுதினார். ஒத்துப்போகும் பதில் சட்டென்று வரும். ஒத்துப்போகாத பதிலுக்கு முன் ஒரு சின்ன இடைவெளி, 'வெல்' மாதிரி ஒரு சொல், பாதி ஒப்புதல், ஒரு காரணம் எல்லாம் வரும். 'இல்லை' என்ற சொல் வராமலே போகலாம். உங்கள் மாணவர்கள் சுறுசுறுப்பாக, இடைவெளி இல்லாமல் மறுப்பார்கள். வேகமாகப் பேசுவதுதான் நன்றாகப் பேசுவது என்று அவர்களுக்கு நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். சில இடங்களில் தயங்குவதும் மொழித்திறன்தான் என்று கேட்டால் அவர்கள் வியந்துபோவார்கள்.

இதற்குப் பிறகு, அதே காட்சியை இன்னொரு முறை நடிக்க விடுங்கள். ஆளை மாற்றுங்கள், அல்லது சீட்டை மாற்றிக் கொடுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான். பெரும்பாலான வகுப்புகளில் ரோல் பிளே ஒரே சுற்றோடு முடிகிறது. முதல் சுற்றில் மாணவர்கள் ஏற்கெனவே தெரிந்ததைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். கற்பது இரண்டாவது சுற்றில்தான் நடக்கிறது. கதை தெரியும், என்ன சொல்ல வேண்டும் என்ற கவலை குறைந்துவிட்டது, மிச்சமிருக்கும் கவனம் முழுக்க எப்படிச் சொல்வது என்பதில் போகிறது. ரிச்சர்ட் ஷ்மிட் என்ற மொழியியலாளர் பிரேசிலில் தங்கிப் போர்த்துக்கீசியம் கற்றபோது நாட்குறிப்பு எழுதினார். காதில் பலமுறை விழுந்த வடிவங்கள்கூட, அவர் கவனித்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் தன் பேச்சில் வரத் தொடங்கின என்று கண்டார். பலகை முன் நடக்கும் அந்தப் பத்து இருபது நிமிடப் பேச்சுதான் இந்தக் கவனிப்பு. கவனித்ததை உடனே வாயில் போட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு இல்லாவிட்டால் அது நோட்டிலேயே தங்கிவிடும்.

மாணவர்கள் சம்மதித்தால் இரண்டு சுற்றையும் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிமிடத்தை, திக்கல் விக்கல் உட்பட, வீட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். தன் பேச்சை எழுத்தில் பார்ப்பவர் நாம் சொல்லாமலே பாதித் தவறுகளைத் திருத்திவிடுவார்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எலிசபெத் ஸ்டோகோ என்ற உரையாடல் ஆய்வாளர் 2013-ல் காவல்துறைப் பயிற்சிக்காக நடிக்கப்பட்ட விசாரணைகளையும் உண்மையான விசாரணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இல்லை. நடிப்பவர்கள், தங்களை மதிப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததால், சில விஷயங்களைத் தேவைக்கு அதிகமாக விரித்துச் செய்தார்கள். அதனால் ரோல் பிளேக்கு மதிப்பெண் போடாதீர்கள். மதிப்பெண் வந்தால் உங்கள் மாணவர்களும் எதிராளியிடம் பேசுவதை விட்டு உங்களிடம் பேச ஆரம்பிப்பார்கள்.

நேரக் கணக்கும் சொல்கிறேன். சீட்டும் யோசனையும் பத்து நிமிடம், முதல் சுற்று எட்டு, அலசல் இருபது, இரண்டாவது சுற்று எட்டு. உங்கள் 90 நிமிடத்தில் பாதிதான். வாரத்துக்கு ஒன்று போதும்.

அந்தப் பெரியவருக்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு வகுப்பில் பதில் சொல்லுங்கள். மருத்துவக் கல்வியில் 1960களின் தொடக்கத்திலிருந்தே நோயாளியாக நடிப்பவர்களை வைத்துப் பயிற்சி தருகிறார்கள். ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்தது அது. மருத்துவத் துறையினர் எழுதும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதியே இரண்டு ரோல் பிளேதான், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். குழந்தைகளுக்கு மட்டுமான விஷயமாக இருந்தால் இவர்கள் இதைச் செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

அதோடு, அடுத்த வகுப்புக்கு முன் அவரைத் தனியாகப் பார்த்து ஒன்று கேளுங்கள்: வேலையிடத்தில் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்ட ஒரு பேச்சு அவருக்கு இருக்கிறதா? மனதை மிகவும் வருத்தும் விஷயமாக இருந்தால் வேண்டாம், பெயர்களையும் விவரங்களையும் மாற்றிவிடலாம் என்றும் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அவர் சொல்வதைக் கேட்டு, இரண்டு சீட்டாக அவரையே எழுதித்தரச் சொல்லுங்கள். எதிராளிக்கு ஒரு நியாயமும் ஒரு ரகசியமும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வையுங்கள். வகுப்பில் அந்த எதிராளியின் சீட்டை அவர் கையில் கொடுங்கள். அவருடைய இடத்தில் நின்று இன்னொருவர் அதே பேச்சை எப்படித் தொடங்குகிறார் என்று முதல் சுற்றில் கேட்கட்டும். இரண்டாவது சுற்றில் சீட்டை மாற்றிக்கொள்ளட்டும்.